நிச்சயம் வரும்வரை காத்திருக்கலாமா?

குருதிப் புற்றுநோய்க்கு மருந்தேற்றப்பட்ட ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது. வலுவான நுண்ணுயிர்க்கொல்லிகள் நாளம் வழியே ஏறிக்கொண்டிருக்கின்றன. மூன்று நாள் கடந்தும் காய்ச்சல் இறங்கவில்லை, வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கையும் ஏறவில்லை. நான்காம் நாள் வைத்தியர் வந்து, பங்கசுக்கு எதிரான மருந்தைத் தொடங்க வேண்டும் என்கிறார். "பங்கசு இருக்கெண்டு தெரிஞ்சிட்டுதா டொக்டர்?" என்று தகப்பன் கேட்டால், நேர்மையான வைத்தியர் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான்: தெரியவில்லை, ஆனாலும் தொடங்க வேண்டும். தம்பிலுவில், திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று நீளும் இந்தக் கிழக்குக் கரையிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாட்டின் மறுகரைக்கு, மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போகும் பெற்றோர் அம்மனுக்கு நேர்த்தி வைத்துவிட்டோ பள்ளிவாசலில் துஆ கேட்டுவிட்டோதான் பஸ் ஏறுகிறார்கள். அவர்கள் முன்னே வைக்கப்படும் அந்தப் பதில் மருத்துவத்தின் மொழியில் இருந்தாலும், அதனுள்ளே கிடப்பது சமயங்கள் நெடுங்காலம் மல்லுக்கட்டிய கேள்வி. உறுதியாகத் தெரியாத ஒன்றை நம்பி, தீங்கும் செய்யக்கூடிய செயலில் இறங்கலாமா? இறங்கலாம் என்பது மட்டுமல்ல, சில வேளைகளில் இறங்காமல் இருப்பதுதான் பிழை என்பதே என் வாதம். அப்படி இறங்குகிறவர் ஒரு கணக்குக்குக் கட்டுப்பட்டவர் என்பது அதே வாதத்தின் மறுபாதி.

ஏன் தெரியவில்லை என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சணத்தின் வித்திகள் வைக்கோற் போரிலும், சூடடிக்கும் களத்துத் தூசியிலும், மாரியில் ஈரம் ஊறிய சுவரிலும் இருக்கின்றன. எல்லோரும் அவற்றை நாள்தோறும் சுவாசிக்கிறோம். உள்ளே போனவற்றை விழுங்கி அழிக்கும் காவற்காரர்களில் முக்கியமானவை நியூட்ரோபில் என்ற வெண்குருதிக் கலங்கள். புற்றுநோயைக் கொல்லக் கொடுக்கும் மருந்து இந்தக் கலங்களையும் சேர்த்தே அழித்துவிடுகிறது. ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் 500-க்குக் கீழே அவை இறங்கி, பத்து நாளுக்கு மேல் அப்படியே கிடந்தால், பிள்ளையின் குடலில் வழக்கமாகக் குடியிருக்கும் கன்டிடா என்ற பங்கசுகூட குருதிக்குள் புகுந்துவிடும். சீழும் சளியும் வீக்கமும் உண்டாவதற்கும் அதே கலங்கள் வேண்டும். அவை இல்லாத உடலில் நோய் தன் அடையாளங்களைக் காட்டுவதில்லை. பல வேளைகளில் காய்ச்சல் ஒன்றே மிச்சம். குருதியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால் அஸ்பர்ஜிலஸ் அதில் வளர்வது மிக அரிது. உறுப்புகளுக்குள் ஊடுருவிய கன்டிடாவையும் அந்தச் சோதனை ஏறக்குறையப் பாதித் தடவை தவறவிடும். சுவாசப்பையிலிருந்து துண்டெடுத்துப் பார்க்கலாம் என்றால், குருதிச் சிறுதட்டுகள் குறைந்த பிள்ளைக்குக் குருதிப்பெருக்கு ஏற்படும் அபாயம். சி.ரி. ஸ்கேனில் வளர்ந்தோருக்குத் தெரியும் ஒளிவட்டம் போன்ற அடையாளம் சிறுபிள்ளைகளிடம் பெரும்பாலும் தெரிவதில்லை.

ஆகவேதான் ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வாளர்கள் ஒன்றுகூடி 2002-ல் உடலுக்குள் ஊடுருவும் பங்கசு நோயை மூன்று படிகளாக வகுத்தார்கள்: நிறுவப்பட்டது, பெரிதும் சாத்தியமானது, சாத்தியமானது. 2008-லும் 2020-லும் அந்த வரையறை திருத்தப்பட்டது. முதற்படிக்குப் பங்கசு இழையத்திலேயே கண்ணுக்குத் தெரிய வேண்டும், அல்லது கிருமியற்ற இடத்திலிருந்து எடுத்த மாதிரியில் வளர வேண்டும். இந்த வரையறை ஆய்வுகளுக்காகச் செய்யப்பட்டது. கட்டிலருகே மருந்து கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று வகுத்தவர்களே சொன்னார்கள். அறிவதற்குத் தேவையான உறுதி வேறு, செயலுக்குத் தேவையான உறுதி வேறு என்பதை மருத்துவம் இப்படித் தன் வழியில் ஒப்புக்கொண்டது.

அந்த ஒப்புதலுக்குப் பின்னால் இழப்புகள் இருக்கின்றன. முன்பெல்லாம் காய்ச்சல் தீராமல் இறந்த புற்றுநோயாளிகள் பலருடைய உடலில் பங்கசு இருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் வெளிப்பட்டது. 1982-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தினர், நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தும் காய்ச்சல் நீங்காத 50 நோயாளிகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மருந்தை நிறுத்தினார்கள். ஒரு பிரிவுக்கு அதையே தொடர்ந்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு அம்ஃபோடெரிசின் என்ற பங்கசு மருந்தைச் சேர்த்தார்கள். மூன்றாம் பிரிவில்தான் பங்கசு நோய் குறைவாக வந்தது. சிறிய ஆய்வுதான், இருந்தாலும் காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை அது காட்டியது. இலங்கைக்கும் இந்தப் பாடம் வேறொரு வாசலால் வந்தது. 2005-ல் கொழும்பில், சிசேரியன் சத்திரசிகிச்சைக்காக முள்ளந்தண்டில் மயக்க ஊசி ஏற்றப்பட்ட ஐந்து தாய்மாருக்கு அஸ்பர்ஜிலஸால் மூளைக்காய்ச்சல் வந்தது, மூவர் இறந்தார்கள். சுனாமிக்குப் பின் மருத்துவப் பொருட்கள் வந்து குவிந்த காலத்தில், ஈரமும் வெக்கையும் உள்ள இடத்தில் வைக்கப்பட்ட ஊசிக்குழாய்கள்மேல் சந்தேகம் விழுந்தது. அவர்கள் புற்றுநோயாளிகள் அல்லர். ஆனாலும் தேடாத இடத்தில் பங்கசு தெரிய வராது, தெரிய வரும் நேரம் பல தடவை பிந்திய நேரம் என்பதற்கு அந்தச் சாவுகள் சாட்சி.

இனி நம்முடைய சமயங்களிடம் வருவோம். இத்தகைய இடத்தில் சமயம் செய்யக்கூடியது ஆறுதல் சொல்வது மட்டும்தான் என்பது பலருடைய எண்ணம். சைவ சித்தாந்தம் அப்படிச் சுருங்கிய ஒன்றல்ல. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை எழுதியபோது, கடவுளைப் பற்றிப் பேசப் புகுமுன் எதை எப்படி அறிகிறோம் என்ற அளவை இயலை முன்னே வைத்தார். காண்டல், கருதல், உரை என்று மூன்றுக்குள் மற்ற அளவைகளை அடக்கினார். காட்சியிலும் ஐயமும் திரிவும் புகும் என்பதை அந்த மரபு மறைக்கவில்லை. கருதல் அளவைக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் புகையைக் கண்டு நெருப்பை அறிவது. பங்கசின் சுவரிலிருந்து கழன்று குருதியில் சேரும் கலக்டோமனன் என்ற வெல்லப் பொருளை அளந்து நோயை ஊகிப்பது அதே வழிதான். தீராத காய்ச்சல், விழுந்துபோன கல எண்ணிக்கை, ஸ்கேனில் ஒரு நிழல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதும் அப்படியே. தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றும் ஐயம். சேர்த்தால் செயலுக்குப் போதுமான கருதல். கண்ணால் காணாததை ஏற்கமாட்டேன் என்று நிற்பவனை இந்த மரபு உலகாயதன் என்று பெயர் சொல்லி மறுத்தது. அதே மரபில் வளர்ந்தவர் வைத்தியரிடம் 'கண்ணால் காட்டுங்கள், பிறகு மருந்து கொடுங்கள்' என்றால் தன் மரபுக்கே எதிராக நிற்கிறார்.

கல்முனைப் பக்கத்தில் ஒருவர் இதற்கு எதிராக இஸ்லாமியச் சட்டமான பிக்ஹின் விதி ஒன்றை எடுத்துக் காட்டலாம்: யகீன், அதாவது உறுதி, சந்தேகத்தால் நீங்காது. பங்கசு இல்லை என்பது பழைய நிலை. வெறும் சந்தேகத்தை வைத்து அதிலிருந்து ஏன் நகர வேண்டும்? வலுவான கேள்விதான். ஆனால் அந்த விதி பேசுவது இரு பக்கமும் சமமாகத் தொங்கும் சந்தேகத்தை. ஒரு பக்கம் கனத்துவிட்ட எண்ணத்தை அறிஞர்கள் வேறாக வைத்தார்கள். நடைமுறைக் காரியங்கள் பலவற்றுக்கு அதைப் போதுமானதாகவும் கொண்டார்கள். தொழும்போது முகம் நோக்க வேண்டிய கிப்லாவின் திசை தெரியாத இடத்தில் இருப்பவரை எண்ணிப் பாருங்கள். திசை உறுதியாகட்டும், பிறகு தொழுகிறேன் என்று வக்தை, அதாவது தொழுகை நேரத்தை, கடத்த அவருக்கு அனுமதி இல்லை. கிடைக்கும் அடையாளங்களைக் கொண்டு முயன்று, மனம் எந்தப் பக்கம் கனக்கிறதோ அந்தப் பக்கம் நின்று தொழ வேண்டும். அந்தத் தொழுகையில் அவர் அரைமனதோடு நிற்பதும் இல்லை. பின்னர் பிழை உறுதியாகத் தெரிந்தால் மீட்டித் தொழ வேண்டும் என்பது இந்த நாட்டு முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்து. வக்து கடக்குமுன் செய், அடையாளங்களைத் தேடிச் செய், பிழை தெரிந்தால் திருத்து என்ற மூன்று கட்டளைகளும் அந்த ஒரே சட்டத்தில் இருக்கின்றன. காய்ச்சலின் நான்காம் நாள் மருந்து தொடங்கும் வைத்தியர் கைக்கொள்வதும் அந்த மூன்றைத்தான்.

இதற்கு எதிரான மிகக் கூர்மையான வாதம் தம்பிலுவிலின் நடுவிலேயே இருக்கிறது. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து, வழக்குரை படித்து, திருக்குளிர்த்தியோடு சடங்கு முடியும். அந்த வழக்குரை எதைப் பற்றியது? நிரூபணம் இல்லாமல் செயலில் இறங்கிய ஒரு அரசனைப் பற்றியது. பொற்கொல்லன் சொன்னதைப் பாண்டியன் நம்பினான், கோவலன் வெட்டுண்டான், சிலம்பை உடைத்தபோது மாணிக்கம் தெறித்தது, தேவியின் சிலம்பில் இருந்ததோ முத்து. சந்தேகத்தை நம்பிச் செயற்படுவது எவ்வளவு பெரிய பாவம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? ஆனால் பாண்டியனின் குற்றம் எங்கே இருக்கிறது என்று சற்று நின்று பார்க்க வேண்டும். சிலம்பை உடைத்துப் பார்க்க ஒரு நாழிகை போதும்; அது அவன் கைக்கெட்டிய சோதனை. கோவலனைச் சிறையில் வைத்திருந்தால் ஒன்றும் கெட்டுப்போயிராது. காத்திருப்பதில் இழப்பு இல்லை. அவன் செய்த காரியமோ மீட்க முடியாதது. நான்காம் நாளின் கட்டிலில் நிலைமை நேர்மாறு. முழு உறுதி தரும் சோதனை பிள்ளையையே ஆபத்தில் தள்ளும். காத்திருப்பதுதான் மீட்க முடியாத இழப்பாக முடியக்கூடும். தொடங்கிய மருந்தை நாளைக்கே நிறுத்தலாம். எவ்வளவு உறுதி வேண்டும் என்பதை முடிவு செய்வது எந்தப் பிழையைத் திருத்த முடியும், எந்தப் பிழையைத் திருத்த முடியாது என்ற கேள்வி. வழக்குரை செயலைத் தடுக்கவில்லை. முடிந்த விசாரணையைச் செய்யாமல் விடுவதைத்தான் அது குற்றக்கூண்டில் நிறுத்துகிறது.

நிறுத்தலாம் என்றேன், அதற்குள் ஏற்பட்ட தீங்குக்கு என்ன பதில் என்று கேட்கலாம். அம்ஃபோடெரிசின் குளிர்காய்ச்சலும் நடுக்கமும் தரும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். கொழுப்புறைக்குள் வைத்துச் செய்யப்பட்ட அதன் புதிய வடிவம் சிறுநீரகத்துக்கு இதமானது, ஆனால் விலை மிக அதிகம். வொரிகொனசோல் என்ற இன்னொரு பங்கசு மருந்தோ, குருதிப் புற்றுநோய்க்கு வழமையாகக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் உடலிலிருந்து வெளியேறுவதைத் தடுத்து, அதன் நரம்பு நஞ்சைக் கூட்டிவிடும். காலில் பலமிழந்து, குடல் அசையாமல் பிள்ளை கிடக்க நேரலாம். பங்கசு இல்லாத பிள்ளைக்கு இதையெல்லாம் கொடுத்தால் அது அநியாயம் இல்லையா? அநியாயமாகலாம். அதனால்தான் கணக்கு வேண்டும் என்றேன். சிலியில் 149 பிள்ளைகளைக் கொண்டு நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவுக்குக் காய்ச்சலை மட்டும் வைத்து மருந்து தொடங்கினார்கள்; மறு பிரிவில் ஸ்கேனும் குருதிச் சோதனையும் செய்து சந்தேகம் வலுத்தவர்களுக்கே கொடுத்தார்கள். இரண்டாம் பிரிவில் 42 சதவீதத்தினருக்குத்தான் மருந்து தேவைப்பட்டது. இறப்பில் இரண்டு பிரிவுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நல்ல சோதனைகள் கைவசம் இருக்கும் இடத்தில் 'உடனே தொடங்கு' என்ற விதி இப்படித் தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது. திருத்தமும் பிழையாகலாம் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. மைலோயிட் வகைக் குருதிப் புற்றுநோயுள்ள பிள்ளைகளுக்கும் இளையோருக்கும் கெஸ்பொஃபன்ஜின் என்ற பங்கசு மருந்தை முன்காப்பாகக் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு, இடைக்காலக் கணக்கில் பயனில்லை என்று தோன்றியதால் நோயாளர் சேர்ப்பை நிறுத்தியது. முழுக் கணக்கு 2019-ல் வந்தபோது, ஒப்பிட்ட பிரிவில் 7.2 சதவீதமாக இருந்த பங்கசு நோய் அந்த மருந்து பெற்ற பிரிவில் 3.1 சதவீதமாகவே இருந்தது.

அப்படியானால், உறுதியில்லாமலே மருந்து கொடுக்கலாம் என்றால், நூல் கட்டுவதையும் ஓதின தண்ணீரையும் பரியாரியின் கசாயத்தையும் ஏன் தடுக்கிறீர்கள் என்ற கேள்வி வரும். எல்லாமே நம்பிக்கைதானே? இல்லை. மருந்தைத் தொடங்கும் வைத்தியர் எது நடந்தால் தன் எண்ணம் பிழை என்று ஒப்புக்கொள்வார் என்பதை முன்கூட்டியே சொல்லக்கூடியவர்: கலங்கள் ஏறி, காய்ச்சல் இறங்கி, ஸ்கேனில் ஒன்றும் இல்லையென்றால் மருந்தை நிறுத்துவார். பலிக்காவிட்டால் இன்னும் கூடக் கொடு, பலித்தால் என் பெருமை என்று பேசும் வைத்தியத்துக்கு அந்தக் கணக்கு இல்லை. நேர்த்தியும் துஆவும் இந்த வரிசையிலேயே சேர மாட்டா. அவை பங்கசைப் பற்றிய ஊகம் அல்ல. தன் கைக்குள் இல்லாததை இன்னொருவரிடம் ஒப்படைக்கும் செயல். அவற்றுக்குச் சோதனை வைப்பதும் பிழை, மருந்தின் இடத்தில் அவற்றை வைப்பதும் பிழை. ஆனால் வழிபாடு ஒரு பொருளாக வாட்டுக்குள் வரும்போது அது மருத்துவத்தின் விதிக்குக் கட்டுப்படும். கலங்கள் இல்லாத பிள்ளையின் தலைமாட்டில் கோயிற் பூ, ஈர வேப்பிலை, போத்தலில் பல நாள் நின்ற ஓதின தண்ணீர், நாளத்தில் குழாய் ஏறும் கையிலேயே வியர்வை ஊறிய மஞ்சள் நூல் எல்லாம் கிருமிகளுக்கு வாசல். அவற்றை வெளியே வைக்கச் சொல்லும் தாதி இறைவனை வெளியே வைக்கச் சொல்லவில்லை.

மிஞ்சி நிற்பது விதி. எழுதப்பட்டது எழுதப்பட்டதுதான், இவ்வளவு பாடு எதற்கு என்று இரு சமூகத்திலும் சொல்வார்கள். ஒருவர் ஊழ்வினை என்பார், மற்றவர் கழா கத்ர் என்பார். கி.பி. 639 வாக்கில் கலீஃபா உமர் ஷாமுக்கு, அதாவது சிரியாப் பக்கத்துக்கு, போகும் வழியில், முன்னே கொள்ளைநோய் பரவியிருக்கிறது என்ற செய்தி வந்தது. தோழர்களைக் கூட்டி ஆலோசித்தார்; அவர்கள் இரண்டுபட்டார்கள்; திரும்புவது என்று முடிவெடுத்தார். இறைவனின் ஏற்பாட்டை விட்டா ஓடுகிறீர் என்று தோழர் அபூ உபைதா கேட்டபோது, அவனுடைய ஒரு ஏற்பாட்டிலிருந்து இன்னொரு ஏற்பாட்டுக்குப் போகிறோம் என்ற பொருள்பட உமர் பதில் சொன்னார். பலரும் அறிந்த இந்தச் செய்தியில் நம் வாதத்துக்கு வேண்டியது அதற்குப் பின் வருவது. நோயுள்ள ஊருக்குள் போகக் கூடாது என்று நபிகள் சொன்னதை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் வந்து எடுத்துச் சொன்னது உமர் முடிவெடுத்த பிறகுதான். ஆதாரம் கைக்கு வருமுன்னே, ஆலோசனையையும் எஞ்சிய அறிவையும் கொண்டு அவர் முடிவெடுத்துவிட்டார். வினை என்று பேசும் பக்கத்துக்கும் ஒரு கேள்வி உண்டு. இந்தப் பிள்ளையின் நோய் இன்ன வினையின் பயன் என்று எந்த அளவையால் அறிந்தீர்? கண்டீரா, கருதினீரா? பங்கசு புகுந்ததற்கு உடனடிக் காரணம் பிள்ளையைக் காப்பாற்றக் கொடுத்த மருந்தே கலங்களை அழித்தது. இதில் தாயின் பாவத்துக்கு எங்கே இடம்? வினை உண்டு என்று பொதுவாக நம்புவது வேறு, குறித்த ஒரு பிள்ளையின் கட்டிலைக் காட்டி அதன் கணக்கை வாசிப்பது வேறு. வைத்தியர் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிச் செயற்படுகிறார்; விதி பேசுபவர் தெரியாததைத் தெரியும் என்று சொல்லிச் செயலை நிறுத்துகிறார். இவர்களில் பணிவு யாரிடம் இருக்கிறது?

சரியாகச் செய்தும் பிள்ளை இறக்கலாம். அஸ்பர்ஜிலஸ் நோய்க்கு வொரிகொனசோல் சிறந்தது என்று 2002-ல் காட்டிய ஆய்வில், பெரும்பாலும் வளர்ந்தோரான நோயாளிகளில், பன்னிரண்டு வாரத்தின் முடிவில் உயிரோடிருந்தவர்கள் 71 சதவீதம். பழைய மருந்தில் 58. சிறந்த மருந்து கிடைத்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் பிழைக்கவில்லை. அந்த முடிவைக் கொண்டு முன்னர் எடுத்த தீர்மானத்தைக் குற்றம் சொல்வது நியாயம் அல்ல. தீர்மானத்தை அளக்க வேண்டியது அந்த நேரத்தில் கிடைத்த அறிவைக் கொண்டே. சம்மதித்துக் கையெழுத்து வைத்த பெற்றோருக்கு ஊரும் உறவும் முதலில் கொடுக்க வேண்டியது இந்த நியாயம்.

ஆனால் நிச்சயமின்மை முழுவதையும் இயற்கையின் தலையில் கட்டிவிட்டு நாம் எழும்பிப் போக முடியாது. அதில் ஒரு பங்கு நோயின் இயல்பால் வருவது. இன்னொரு பங்கு நாம் உண்டாக்கியது. சிறப்புப் பங்கசு ஆய்வுகூடம் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் இருக்க, கிழக்குக் கரையில் காய்ச்சலோடு வரும் பிள்ளையின் மாதிரி நாட்டைக் கடந்து போய் முடிவு திரும்பும் வரைக்குமான தெரியாமை இறைவன் விதித்ததல்ல. 2022-ல் அந்நியச் செலாவணி வற்றி மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது எழுந்த நிச்சயமின்மையும் அப்படியே. பாண்டியனின் குற்றம் சோதித்துப் பார்க்கும் வழியிருந்தும் பாராமல் விட்டது என்றால், சோதனைக்கூடத்தையும் மருந்தையும் இந்தக் கரைக்குக் கொண்டுவரக்கூடிய அரசும், அதைக் கேட்டு வாங்கக் கடமைப்பட்ட நாமும் அதே ஆசனத்தில்தான் இருக்கிறோம். தெரியாத நிலையிலும் பிள்ளைக்காகச் செயற்படும்படி பெற்றோரையும் வைத்தியரையும் கேட்பது நியாயம். தெரிந்துகொள்ளும் வழியை அடைத்து வைத்துவிட்டு அதையே கேட்பது நியாயம் அல்ல. கோயில் பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிருவாகங்களும் இந்த நோயைப் பற்றிப் பேசுவதென்றால், பொறுமையை உபதேசிக்குமுன் பேச வேண்டிய முதற் பொருள் இது.